வேலூரில் இருந்து எழுதிச் சம்பாதிக்க: தனியாவா, ஜோடியாவா, நாலு பேரோடவா?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் வீட்டில் உட்கார்ந்தபடி எழுதிச் சம்பாதிக்கிறவர்கள் இப்போது கணிசமாக இருக்கிறார்கள். ஐடி வேலையை விட்டு வந்தவர்கள், குழந்தை பிறந்த பிறகு கல்லூரி வேலைக்குத் திரும்பாதவர்கள், எம்.ஏ. முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே கன்டென்ட் எழுதுகிறவர்கள். இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எழுத நன்றாகவே வரும். வராதது மற்றதெல்லாம்: புது கிளையன்டைத் தேடுவது, கூசாமல் ரேட் சொல்வது, பில் அனுப்புவது, பில் அனுப்பியும் வராத பணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது. ஆபீஸ் என்றால் இதற்கெல்லாம் தனித்தனி ஆள் இருப்பார்கள், நம்மை விரட்டுவதற்கும் ஒருத்தர் இருப்பார். வீட்டில் நாம்தான் எல்லாம்.

அந்த விரட்டுகிற ஆளின் இடத்தில் யாரை வைப்பது என்பதுதான் கேள்வி. யாரும் வேண்டாம், ஒரு நோட்டு போதும் என்று தனியாக ஓட்டலாம். ஒரே ஒரு துணையைப் பிடித்துக்கொள்ளலாம். நாலைந்து பேர் சேர்ந்து வாராவாரம் கூடலாம். நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கும் வாட்ஸப் குழுவில் சேரலாம். இல்லாவிட்டால் பணம் கட்டி ஒரு பயிற்சியாளரிடம் போகலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் இருந்து எழுதுகிறவருக்கு நாலைந்து பேர் குழுதான் சரி வரும், அதிலும் ஒருத்தருக்கொருத்தர் ரேட்டை மறைக்காத குழு, வருமானத்தைக் குறி வைக்காமல், வேலை கேட்டு அனுப்பிய கடிதங்களை எண்ணுகிற குழு. எல்லாருக்கும் இது பொருந்தாது, அதையும் சொல்கிறேன்.

முதலில் இங்கே என்ன வேலை கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் சென்னைக்காரர்களுக்குச் சொல்லும் ஆலோசனை நமக்கு அப்படியே ஒட்டாது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி ஒரு பொருளாதாரமே நடக்கிறது. வங்காளத்தில் இருந்தும் வடகிழக்கில் இருந்தும் வரும் நோயாளிகளுக்காக லாட்ஜ், மருந்துக்கடை, லேப் என்று தெருத்தெருவாக இருக்கிறது, அந்த நோயாளிகளுக்கான கையேடும் அறிவிப்பும் தமிழ், இந்தி, வங்காளம், ஆங்கிலம் என்று பல மொழிகளில் தேவைப்படுகிறது. விஐடியும் திருவள்ளுவர் பல்கலைக்கழகமும் இருப்பதால் ஆய்வுக் கட்டுரைகளுக்கு மொழி திருத்தும் வேலை வரும். (திருத்துவது வேறு, தீசிஸை நாமே எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டாவதுக்கு நல்ல காசு வரும் என்று ஆசை காட்டுவார்கள், கிட்டேயே போகாதீர்கள். 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கொண்டுவந்த கருத்துத் திருட்டு விதிகளுக்குப் பிறகு கல்லூரிகளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கின்றன.) அப்புறம் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் கம்பெனிகள். ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்புகிறவர்களுக்கு வெப்சைட், கேட்டலாக், சுற்றுச்சூழல் தணிக்கைக்கான ஆங்கில ஆவணம் எல்லாம் வேண்டும், அதை அவர்கள் இன்னும் பெங்களூர் ஏஜென்சிகளிடம்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்துத் தெருவில் எழுதுகிற ஆள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பத்திரிகைக்கு எழுதுகிறவர்களுக்கும் விஷயம் நிறைய உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம முள்ளு கத்திரிக்காயைப் பற்றியே உருப்படியாக எழுதலாம்.

இப்போது தனியாக ஓட்டுவதைப் பார்ப்போம். செலவு இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, கூட்டத்தில் பேச வராதவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி. ஏற்கெனவே இரண்டு மூன்று நிலையான கிளையன்ட் இருந்து, மாதாமாதம் பணம் ஒழுங்காக வருகிறவர் என்றால் தனியாகவே இருக்கலாம், குழு அவருக்கு நேர விரயம்தான். ஆனால் ஆரம்பத்தில் இருக்கிறவருக்குத் தனிமையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ரேட் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 1,200 வார்த்தை, மாதம் 22 நாள் என்றால் 26,400 வார்த்தை. வார்த்தைக்கு 50 பைசா வாங்கினால் 13,200 ரூபாய். அதே வார்த்தைக்கு 2 ரூபாய் வாங்கினால் 52,800. உழைப்பு ஒன்றுதான், முதுகுவலியும் ஒன்றுதான். 50 பைசாவுக்கு எழுதுகிறவருக்குத் தன்னைவிடச் சுமாராக எழுதுகிற இன்னொருத்தர் 2 ரூபாய் வாங்குகிறார் என்று யாராவது சொன்னால் ஒழியத் தெரியவே தெரியாது. எழுத்து வகுப்பில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். கிளையன்ட் எதற்குச் சொல்லப் போகிறார்?

வெளிநாட்டுத் தளங்களில் போய்த் தனியாகச் சமாளிக்கலாமே என்பார்கள். சமாளிக்கலாம், சிலர் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஆனால் ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் நமக்கு வரும் பணத்தில் 20 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அதற்கு மேல் டாலரை ரூபாயாக மாற்றுவதில் கொஞ்சம் போகும், அங்கேயும் எவ்வளவு கேட்பது என்று தெரியாதவர் அடிமட்ட விலையைப் போட்டுத்தான் உள்ளே நுழைகிறார். ஆக ரேட் தெரியாத பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது.

ஜோடி முறை, அதாவது ஒரே ஒரு துணை, மொழிபெயர்ப்பாளர்களுக்கு ரொம்பப் பொருத்தம். என் மொழிபெயர்ப்பை நீ படி, உன்னுடையதை நான் படிக்கிறேன் என்று மாற்றிக்கொண்டால் கண்ணில் படாத தப்பெல்லாம் சிக்கும், மருந்து அளவு வரும் கையேட்டில் அந்த இரண்டாவது கண் இல்லாமல் அனுப்பவே கூடாது. தினமும் பேசிக்கொள்ளலாம், நேரம் குறிப்பதும் சுலபம். சிக்கல் எங்கே என்றால், ஒருத்தர் படுத்தால் இரண்டு பேரும் படுத்துவிடுகிறார்கள். அந்தப் பக்கம் மாமியாருக்கு ஆபரேஷன் என்றால் இந்தப் பக்கமும் மூன்று வாரம் ஒன்றும் நடக்காது. அதோடு நெருங்கிய தோழி என்றால் கடுமையாகக் கேட்க மனசு வராது, "பரவாயில்லை விடு, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று நாமே ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவோம். ஆறுதலுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது, தொழிலில் தேவைப்படுவது வேறு.

நாலைந்து பேர் குழு என்று நான் சொல்வதற்கு முன்மாதிரி இங்கேயே நம் தெருவில் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழு. 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவிய திட்டம். 12 முதல் 20 பேர், குறித்த நாளில் கூட்டம், தீர்மான நோட்டு, யார் எவ்வளவு கட்டினார் என்பது எல்லார் முன்னாலும் தெரியும், வராதவருக்கு அபராதம். கடனைத் திருப்பிக் கட்ட வைத்தது வங்கியின் நோட்டீஸைவிடப் பக்கத்து வீட்டுக்காரியின் முகம்தான். எழுதுகிறவர்கள் அதில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று: நேரம் மாறாது, எழுதி வைக்க நோட்டு உண்டு, காசு விவரம் வெளிப்படை. ஆள் எண்ணிக்கையை மட்டும் குறைக்க வேண்டும். ஒருத்தருக்கு 12 நிமிடம் என்றால் ஐந்து பேருக்கு ஒரு மணி நேரம். பத்து பேர் என்றால் இரண்டு மணி நேரம் ஆகி அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களைச் சேர்த்தால் ரேட் பேச்சு சுவையாக இருக்கும், ஆனால் எல்லாரும் அதே நாலு லேப், அதே இரண்டு ஏஜென்சி பின்னால் ஓடுவார்கள், சீக்கிரமே ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்கள். அனுபவம் ரொம்ப ஏறுக்குமாறாக இருந்தாலும் வேலைக்கு ஆகாது. பத்து வருஷம் எழுதியவரும் போன மாதம் தொடங்கியவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அது டியூஷனாக மாறிவிடும், பெரியவர் மரியாதைக்கு நாலு வாரம் வந்துவிட்டு நின்றுவிடுவார். என் கணக்கில் சரியான கலவை, அனுபவத்தில் ஏறக்குறைய ஒரே படியில் இருப்பவர்கள், ஆனால் துறை வேறு வேறு. ஒருத்தர் மருத்துவ மொழிபெயர்ப்பு, ஒருத்தர் தோல் ஏற்றுமதிக்கான ஆங்கிலம், ஒருத்தர் ஆய்வுக் கட்டுரை திருத்தம், ஒருத்தர் தமிழில் பத்திரிகையும் சப்டைட்டிலும். இதில் இன்னொரு லாபம் உண்டு: எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை வறண்டு போகாது. தோல் கம்பெனிகளுக்குச் சென்னையில் பிப்ரவரி வாக்கில் நடக்கும் கண்காட்சிக்கு முன்னால்தான் அவசரம், ஆய்வு மாணவர்களுக்குச் சமர்ப்பிக்கும் தேதி நெருங்கும்போது. ஒருத்தரிடம் வேலை நிரம்பி வழியும்போது இன்னொருத்தருக்குத் தள்ளிவிடலாம். தள்ளிவிட்டதற்குக் கமிஷன் எடுப்பதா வேண்டாமா என்பதை மட்டும் முதல் கூட்டத்திலேயே பேசி நோட்டில் எழுதிவிடுங்கள், பிறகு பேசினால் கசக்கும்.

கூட்டத்தில் என்ன பேசுவது? போன வாரம் என்ன சொன்னேன், என்ன செய்தேன், எவ்வளவு பணம் வந்தது, யார் பாக்கி, அடுத்த வாரம் என்ன. அவ்வளவுதான். கட்டுரையை வாசித்துக் காட்டிக் கருத்து கேட்பதெல்லாம் இந்தக் கூட்டத்தில் வேண்டாம், அதற்குத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கதை கேட்டுக் கைதட்டிவிட்டுக் கலைந்துபோவோம். "இன்னாபா, அந்த ராணிப்பேட்டை ஆளுக்கு பில் அனுப்பினியா இல்லியா?" என்று ஒருத்தர் நேராகக் கேட்டால் அன்றைக்குச் சாயந்திரமே பில் போய்விடும். நாமே நம்மைக் கேட்டுக்கொண்டால் போகாது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் அப்படித்தான்.

பாக்கி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், குழுவாக இருந்தால்தான் இந்த மாதிரி விவரமெல்லாம் கைக்கு வரும். தனியாள் எழுத்தாளரும் உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு, செய்துகொள்ளலாம், இணையத்தில் இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும் (காசு கேட்கிற தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை). பதிவு இருந்தால் 2006-ம் ஆண்டின் சிறு குறு நடுத்தர நிறுவனச் சட்டப்படி, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் பணத்தை இழுக்க முடியாது. ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. 2024 ஏப்ரலில் இருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது, குறித்த காலத்தில் நமக்குத் தராத தொகையை, வேலை வாங்கிய கம்பெனி அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் காட்டலாம். வழக்குப் போடுங்கள் என்று சொல்லவில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் போட்டு, 45 நாள் என்று ஒரு வரி சேர்த்தாலே கம்பெனி கணக்கருக்கு விஷயம் புரிந்துவிடும். அப்படியே கையோடு: கம்பெனி டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு கொடுத்தால் அது நம் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை உள்ளூர்ச் சேவைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை.

சரி, இலக்கு. குழு அமைந்த பிறகு தடுக்கி விழுகிற இடம் இதுதான். மூன்று வகை இலக்கு வழக்கத்தில் இருக்கிறது. முதலாவது வருமானம்: "இந்த மாதம் 40,000". கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது நம் கையில் இல்லை, கிளையன்ட் கையில் இருக்கிறது. நாம் ஒழுங்காக உழைத்தும் ஒருத்தர் பேமென்டைத் தள்ளிவைத்தால் கூட்டத்தில் தோற்றவராக உட்கார வேண்டியிருக்கும், இரண்டு தடவை அப்படி நடந்தால் மூன்றாவது வாரம் தலைவலி என்று மெசேஜ் வரும். ஆண்டுக்கு ஒரு வருமானக் கணக்கு மனசில் இருக்கட்டும், வாரக் கூட்டத்துக்கு அது ஆகாது.

இரண்டாவது வார்த்தைக் கணக்கு, தினம் 1,000, 1,500 என்று. இதற்கு உலகத்தில் பெரிய முன்னுதாரணம் நானோரைமோ என்ற நாவல் எழுதும் சவால். 1999-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் சில நண்பர்கள் தொடங்கியது. நவம்பர் மாதத்துக்குள் 50,000 வார்த்தை, அதாவது தினம் 1,667. லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கணக்கோடு சேர்ந்து எழுதினார்கள், அதை நடத்திய அமைப்பு 2025-ல் மூடப்போவதாக அறிவித்துவிட்டது. நாவல் எழுதுகிறவருக்கு நல்ல இலக்குதான், யாரும் கேட்காத நாவலை முடிக்க வேறு வழியும் இல்லை. ஃப்ரீலான்ஸ் பிழைப்புக்கு அது குறி தவறும், ஏனென்றால் ஆர்டர் இல்லாமல் எழுதிய 1,667 வார்த்தைக்கு யாரும் பணம் தர மாட்டார்கள், எழுதிய திருப்தியில் கிளையன்ட் தேடும் வேலை பின்னுக்குப் போய்விடும்.

மூன்றாவது, நம் கையில் இருக்கும் செயலை எண்ணுவது. வாரத்துக்கு ஐந்து புது இடங்களுக்குக் கடிதம், பழைய கிளையன்ட் இரண்டு பேருக்கு விசாரிப்பு, நிலுவையில் இருக்கும் பில்லுக்கெல்லாம் நினைவூட்டல். பதில் வந்ததா இல்லையா என்பது கணக்கில் சேராது, அனுப்பினோமா என்பதுதான். எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்கள் பல ஆண்டுகள் இலக்கு பற்றி ஆராய்ந்து சொன்னது, "முடிந்தவரை செய்கிறேன்" என்பதைவிடத் தெளிவான, கொஞ்சம் கடினமான இலக்கு நன்றாக வேலை செய்கிறது, அதுவும் எவ்வளவு தூரம் வந்தோம் என்று அவ்வப்போது தெரிந்தால். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இன்னொன்று சேர்க்கிறார்: எப்போது, எங்கே, எப்படி என்பதையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிட வேண்டும். "செவ்வாய்க்கிழமை பிள்ளை ஸ்கூல் வேன் ஏறியதும் இரண்டு கடிதம்" என்று எழுதியவர் அனுப்பிவிடுவார்; "இந்த வாரம் அனுப்பணும்" என்றவருக்கு ஞாயிற்றுக்கிழமை இரவு ஞாபகம் வரும். இதே கோல்விட்சர் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் மாதிரிக் கூட்டங்களுக்கு ஒரு எச்சரிக்கை: "நான் இப்படி ஆகப் போகிறேன்" என்று பிறரிடம் அறிவித்து, அவர்களும் அதைக் கவனித்துக்கொண்டால், அறிவித்ததிலேயே பாதி ஆன மாதிரி திருப்தி வந்து உழைப்பு குறையலாம். ஆகவே கூட்டத்தில் "நான் பெரிய மருத்துவ எழுத்தாளர் ஆகணும்" என்று சொல்வதற்கு நேரம் ஒதுக்க வேண்டாம், வியாழக்கிழமை யாருக்கு எழுதப் போகிறாய் என்று கேளுங்கள்.

இலக்கு பற்றிய வகுப்புகளில் ஒரு கதை தவறாமல் வரும். 1953-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்திருந்த 3 சதவீத மாணவர்கள், இருபது வருஷம் கழித்து மீதிப் பேர் எல்லாரையும்விட அதிகம் சம்பாதித்தார்களாம். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை, தேடிப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதைச் சொல்லிப் பாடம் தொடங்குகிறவர் எவ்வளவு கட்டணம் கேட்கிறார் என்று பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டும் பயிற்சிக்கு வந்துவிட்டோம், அதையும் முடித்துவிடுவோம். ஒரு குறிப்பிட்ட திறமைக்கு, உதாரணமாக மருத்துவ எடிட்டிங், சப்டைட்டில் மென்பொருள், காசு கொடுத்துக் கற்பது நியாயம். "ஃப்ரீலான்ஸில் மாதம் ஒரு லட்சம்" என்ற பொதுப் பயிற்சிக்கு வேண்டாம். சேருவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் வருமானம் எழுத்தில் இருந்து வருகிறதா, இந்த வகுப்பில் இருந்தா?

பெரிய வாட்ஸப், டெலிகிராம் குழுக்களில் இருப்பதில் தப்பில்லை, வேலை அறிவிப்பு வரும், பணம் தராத ஏஜென்சியின் பெயர் எப்போதாவது கசியும். ஆனால் அங்கே யாரும் யாருடைய பில்லையும் கேட்க மாட்டார்கள், ஒரு வேலை வந்து விழுந்ததும் நாற்பது பேர் "இன்ட்ரஸ்டட்" என்று போட்டு ரேட்டைத் தரைமட்டம் ஆக்குவார்கள். அறிவிப்புப் பலகையாக வைத்துக்கொண்டு மியூட் போட்டுவிடுங்கள்.

எங்கே கூடுவது? மாவட்ட மைய நூலகம், கோட்டைப் பூங்கா, யாராவது ஒருத்தர் வீட்டு மொட்டை மாடி. ஏப்ரல், மே வெயிலில் பகல் கூட்டம் வைக்காதீர்கள், வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாலாஜா ரோடு, குடியாத்தம், ஆம்பூர் எல்லாம் ஒரே ரயில் பாதையில் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் கலந்த குழுவுக்குக் காட்பாடி வசதி. வாராவாரம் நேரில் முடியாவிட்டால் மூன்று வாரம் கூகுள் மீட், மாதம் ஒரு தடவை நேரில். பெண்கள் அதிகம் இருக்கும் குழுவென்றால் பள்ளி நேரத்துக்குள் கூட்டத்தை முடிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும், சாயந்திரம் ஆறு மணி என்று வைத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது.

குழுவே வேண்டாம் என்பவர்கள் யார் என்றால், நிலையான கிளையன்ட் உள்ளவர், ஒரே பெரிய புத்தக வேலையில் ஆறு மாதம் மூழ்கியிருப்பவர், அப்புறம் தன் ரேட்டை வெளியே சொல்லப் பிடிக்காதவர். கடைசி ரகத்தைக் கட்டாயப்படுத்தாதீர்கள், ஒருத்தர் மறைத்தால் மற்றவர்களும் மறைக்கத் தொடங்குவார்கள். அவருக்கு ஜோடி முறையே போதும். குழு தொடங்குகிறவர்கள் மூன்று மாதத்துக்கு என்று தொடங்குங்கள், காலவரை இல்லாமல் வேண்டாம். மூன்று மாதம் கழித்து நோட்டைத் திறந்து, யார் எத்தனை கடிதம் அனுப்பினார், யாருடைய ரேட் ஏறியது, எத்தனை பாக்கி வசூலானது என்று பாருங்கள். ஒன்றும் ஏறவில்லை, டீயும் புலம்பலும்தான் நடந்தது என்றால் நட்பை வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கலைத்துவிடலாம். முதல் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருத்தரும் கடைசியாக முடித்த மூன்று வேலைகளின் பில்லைக் கொண்டுவரட்டும், தொகையை மறைக்காமல்.